மாமன் மடி

ஏறுங்க அம்மிணி, ஏறுங்க. அட, சீட்டு நனைஞ்சா நனையுது, அதென்ன சக்கரையா கரைஞ்சு போறதுக்கு? பையை இப்படிக் குடுங்க. நல்ல கனமா இருக்குதே! அந்தக் கதவை இழுத்துச் சாத்துங்க, இன்னுங் கொஞ்சம் ஓங்கி... ஆங். தம்பி, போ. போலாம். அவனுக்குத் தமிழ் தெரியாதுங்க. கொழும்புல புடிச்ச வண்டி. 'போ', 'நில்லு', 'டீ', இந்த மூணு சொன்னாத்தான் திரும்பிப் பாப்பான். நாம என்ன பேசினாலும் அவனுக்கு ஒண்ணுந்தான்.

டவுன் வரைக்குந்தானே வர்றீங்க? இந்த வளைவுல ஒரு மணி நேரம் ஆகுமாமா. நல்லதாப் போச்சு, எனக்கும் பேச்சுத் தொணை. வாயை மூடிட்டு உக்காந்தா மலைப்பாதையில எனக்குக் கொமட்டும். பேசிக்கிட்டே போனா ஒண்ணும் பண்ணாது.

உங்களை ஏத்திக்கச் சொன்னது யாருன்னு நெனைக்கறீங்க? நானில்லீங்க, நெசத்தச் சொல்லோணும்ல. மேல அந்த அனாதைப் புள்ளைங்க இல்லத்துல இருக்கற ஒரு புள்ளை. கெளம்பறப்ப என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, காதுகிட்ட வந்து, "தெய்வம்மா, வளைவுக்கிட்ட ஒரு அம்மா மழையில நிப்பாங்க, அவங்களை ஏத்திக்கிட்டுப் போங்க, இன்னைக்குப் பாத்ததெல்லாம் அவங்ககிட்டச் சொல்லுங்க"ன்னுச்சு. எப்படி இரக்கம் பாருங்க! யாரோ எவரோ நனையறாங்கன்னு அந்தப் புள்ளைக்குப் பொறுக்கல. நாம போட்ட சோத்துல வளந்தது, அந்தக் கொணம் வராமப் போகுமா?

ஏனுங்க, அழுகறீங்களா? ஓ, மழைத் தண்ணியா. இந்தாங்க துண்டு, தொடைங்க.

என்ற பேரு தெய்வாத்தா. திருப்பூரு. எங்கூட்டுக்காரரு சென்னியப்பன், பனியன் கம்பெனி வெச்சிருக்கறாங்க. எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. முன்னெல்லாம் இதைச் சொல்றதுக்கே நாக்கு கூசும், இப்ப இல்ல. எங்ககிட்டச் சரக்கு எடுக்கற கொழும்புக்காரரு ஒருத்தருதான் சொன்னாரு, மலை மேல மலர்க்கூடுன்னு ஒரு இல்லம் இருக்குது, அப்பன் ஆத்தா இல்லாத புள்ளைங்க, ரண்டு பேரை நீங்க பணம் அனுப்பி வளத்துங்கன்னு. அப்படித்தானுங்க எனக்கு நிரோஷினியும் லோஜினியும் கெடைச்சாங்க. அக்கா தங்கச்சி. அப்பப் பெரியவளுக்கு எட்டு வயசு, சின்னவளுக்கு நாலு. ஆறு வருசமாச்சு. உங்களை ஏத்திக்கச் சொன்னாளே, அவதான் பெரியவ, நிரோஷினி.

என்னுங்க? நல்லாத்தான் இருக்கறா. சித்தெ எளைச்சுப் போயிருக்கறா. பேச்சு கொறைஞ்சு போச்சு. வயசுக்கு வர்ற வயசு, அப்படித்தான் இருக்கும். நல்லா அக்கறையாக் கேக்கறீங்க, தங்கமான மனசுங்க உங்களுக்கு.

ரண்டு பேரையும் பெத்தவங்க மண்ணு சரிஞ்சு போய்ச் சேந்துட்டாங்களாமா. வசந்தராணி மிஸ் சொன்னாங்க. இல்லத்துக்கு அவங்கதான் எல்லாம். உங்களுக்குத் தெரியுங்களா அவங்களை? ஏன் மூஞ்சியத் திருப்பிக்கறீங்க? கேட்டுக்குள்ள விடலையாக்கும்! அவங்க கண்டிப்புத்தாங்க. இத்தனை பொட்டப்புள்ளைங்களை வெச்சுக்கிட்டு வர்றவங்க போறவங்களையெல்லாம் உள்ள விட முடியுங்களா? நீங்களே சொல்லுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.

ஆறு வருசத்துக்கு முந்தி வந்தப்ப நான் ஒரு காரியம் பண்ணினனுங்க. சும்மா வந்து பிஸ்கட்டுக் குடுத்து, போட்டோ புடிச்சுக்கிட்டுப் போற ஆளில்ல நானு. பெரியவளுக்கு அவங்காத்தா இருக்கறப்பவே காது குத்தியிருந்துச்சு. சின்னவளுக்கு மொழுக்கட்டைக் காது. பாத்ததும் எனக்குப் பொறுக்கல. எங்க பக்கம் மொட்டை அடிச்சுத் தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்தோணும். உங்க பக்கமும் அப்படித்தானுங்களா? அதானே, எங்கிருந்து வந்தவங்க நாமெல்லாம்.

நான் ஆத்தா மொறைன்னா, என்ற தம்பி மாமன் மொறை. போன் போட்டு வரச் சொன்னனுங்க. நாச்சிமுத்து சாமானியப்பட்ட ஆளில்ல, எங்கூருக் கோயில் கமிட்டித் தலைவரு, நூறு சோலி. எல்லாத்தையும் விட்டுப்போட்டு, பட்டுப்பாவாடையும் தங்கத்தோடும் வாங்கிக்கிட்டு பிளேன் ஏறி வந்தான். அந்த இல்லத்து முத்தத்துல பாய் போட்டு, அவன் மடியில அவளை உக்கார வெச்சு மொட்டை போட்டமுங்க. முடியெல்லாம் எறங்கினதும் பாத்தா, உச்சியில ரெட்டைச் சுழி! நல்லா அழுத்தமா, பக்கத்துப் பக்கத்துல ரண்டு. "அடி ஆத்தீ, ரெட்டைச் சுழிக்காரி! ஊரையே ரண்டாக்கிருவாளே!"ன்னு என்ற தம்பி சிரிச்சான். ஆசாரி ஊசியக் காதுல ஏத்தினாரோ இல்லையோ, அவன் கட்டைவெரலைக் கவ்விக்கிட்டா பாருங்க! ரத்தம் வந்துருச்சு. இன்னைக்கும் அந்தத் தழும்பைக் காட்டிக் காட்டித்தான் ஊரெல்லாம் பேசுவான், என்ற மருமக போட்ட முத்திரைன்னு.

போட்டோ இருக்குதுங்க. பர்சுலயே வெச்சிருக்கறன். இருங்க, காட்டறன், இதைச் சொல்லி முடிச்சுப்போட்டுக் காட்டறன்.

அதுக்கப்புறம் வர முடியலீங்க. கொரோனா வந்துச்சு. அப்புறம் உங்க நாட்டுல அந்த ரகளை, பெட்ரோல் இல்ல, அரிசி இல்ல. அது முடிஞ்சா எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேசன். கெரகம் ஒண்ணொண்ணா வந்துச்சு. ஆனாலும் பொங்கலுக்குப் பொங்கல் போட்டோ அனுப்பிருவாங்க. இந்த ரண்டு வருசமா அனுப்பினதுலதான் சின்னவ எங்கயோ தூரத்துல நிக்கறா. இல்லாட்டி ஏதோ நாடகத்து வேசம், மூஞ்சி நெறையப் பவுடரு. நான் சத்தம் போட்டனுங்க, ஏன் மிஸ், ஒரு நல்ல போட்டோ எடுக்க மாட்டீங்களான்னு.

அந்த ரண்டு வருசத்துக்கு முந்தி என்ன நடந்துச்சு தெரியுங்களா? எங்க மாரியம்மன் நோம்பி, அதான் திருவிழா, அதுக்கு லோஜினி திருப்பூருக்கு வர்றதா இருந்துச்சு. வசந்தராணி மிஸ்ஸே போன் பண்ணிச் சொன்னாங்க. புள்ளையக் கூட்டிட்டு வர்றன், பாஸ்போர்ட் எடுக்கோணும், அதுக்கு ரத்த சொந்தத்துல ஒருத்தரு சம்மதம்னு கையெழுத்துப் போடோணும், அந்தப் புள்ளைக்கு வேற யாரு இருக்கறா, உங்க தம்பிதானே மடியில உக்கார வெச்ச மாமன்னு. அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. காயிதம் வந்துச்சு. பாதி சிங்களம், பாதி இங்கிலீசு. அவிய, அதான் எங்கூட்டுக்காரரு, "என்ன எழுதியிருக்குதுன்னு யாரையாவது படிக்கச் சொல்லிப்போட்டுப் போடலாமே"ன்னாங்க. நாச்சிமுத்து கேக்கலையே! "என்ற மருமகளுக்கு நான் போடறதுக்கு எவனைக் கேக்கோணும்?"னு மடியில வெச்ச போட்டோவையும் சேத்து, பேருக்குக் கீழ 'தாய்மாமன்'னு கொட்டை எழுத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டான். பக்கத்துல நானும் போட்டன், வளர்ப்புத்தாய்னு.

அப்புறம் வரலீங்க. கெளம்பற அன்னைக்குக் காய்ச்சலாமா. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தன். புதுசாப் பாவாடை தெச்சு வெச்சிருந்தன். மூணு நாளு சோறு எறங்கல எனக்கு.

பெரியவளை ஏன் கூப்பிடலைன்னா கேக்கறீங்க? அவளுக்குப் பரிச்சைன்னாங்க. சின்னவளுக்கு மட்டுந்தான் பாஸ்போர்ட்.

உங்களுக்குக் குளுருதுங்களா? தம்பி, அந்த ஏசிய நிறுத்து. ஏசி, ஏசி! ஆங்.

சரி, இன்னைக்குக் கதைக்கு வர்றன். வெடியாலயே போயிட்டமுங்க. புள்ளைங்களையெல்லாம் வரிசையா நிறுத்தி, கையில பூவு குடுத்து, எனக்குன்னே ஒரு பாட்டுக் கட்டிப் பாடினாங்க. 'தெய்வம்மா, எங்கள் தெய்வம்மா'ன்னு. என்னைக் கண்டதும் லோஜினி ஓடி வந்து இடுப்பக் கட்டிக்குவான்னு நெனைச்சனுங்க. வரல. மிஸ் தோள்ல கை வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. நெட்டுருப் போட்ட மாதிரி "வணக்கம் தெய்வம்மா, நலமாக இருக்கிறீர்களா"ன்னுச்சு. கால்ல விழுந்துச்சு. பத்து வயசுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, எட்டு வயசாட்டந்தான் இருக்குது. சத்தில்லாம வளந்த புள்ளை.

"மாமனைக் கடிச்சயே கண்ணு, ஞாபகமிருக்குதா?"ன்னன். மிஸ் மூஞ்சியப் பாத்துச்சு. "இருக்குது தெய்வம்மா"ன்னுச்சு. "எங்க கடிச்ச?"ன்னன். "காதுல"ன்னுச்சு. மிஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன். நாலு வயசுல நடந்தது அதுக்கு எப்படித் தெரியும்? பெரியவ மட்டும் சிரிக்கல. தூணுகிட்ட நின்னுட்டு என்னையே பாத்துட்டு இருந்தா.

அப்பத்தான் காதைப் பாத்தனுங்க. ரண்டு காதும் செவசெவன்னு வீங்கி, தோட்டைச் சுத்திச் சீழு. என்ன மிஸ் இதுன்னா, பழைய ஓட்டை தூந்து போச்சுங்கம்மா, நீங்க வர்றீங்கன்னு போன வாரந்தான் மறுபடி குத்தினோம்ங்கறாங்க. எனக்கு ஒரு பக்கம் கோவம், ஒரு பக்கம் சந்தோசம். என்னைய நெனைச்சுத்தானே குத்தியிருக்கறாங்க! மஞ்சளும் தேங்காண்ணெயும் கொண்டாரச் சொல்லி நானே தடவி விட்டன். அந்தப் புள்ளை ஒரு சத்தம் போடல. கடிச்ச புள்ளைங்க அது, இன்னைக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

மிஸ்ஸுக்கு ஏதோ போன் வந்துச்சு, எந்திரிச்சுப் போனாங்க. ஒடனே பெரியவ ஒரு சீப்பைக் கொண்டாந்து என்ற கையில வெச்சா. "தெய்வம்மா, இவளுக்குத் தலை சீவி விடுங்க. உச்சியில இருந்து எடுங்க"ன்னா. சரி, ஆசைப்படறாளேன்னு அவுத்து விட்டுச் சீவினன். சீவிக்கிட்டே வெளையாட்டுக்கு, "உன்ற பேரென்ன கண்ணு?"ன்னு கேட்டன். அதுக்கு அந்தச் சின்னது என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "இன்னைக்கு லோஜினி"ன்னுச்சு! கொழந்தைங்க பேச்சே தனி.

அப்புறம் உச்சிய வகுந்தன். வகுந்து பாத்தா...

ஒத்தைச் சுழிங்க.

இப்படித் தள்ளிப் பாத்தன், அப்படித் தள்ளிப் பாத்தன். ஒண்ணுதான். நிமுந்து பாக்கறன், பெரியவ எனக்கு முன்னால மண்டி போட்டு உக்காந்து என்ற கண்ணையே பாக்கறா. வாயத் தொறந்து ஏதோ சொல்ல வந்தா. அதுக்குள்ள மிஸ் வந்து சீப்பை வாங்கிக்கிட்டாங்க. மழை வருது, மலைப்பாதை, நேரத்துல கெளம்புங்கன்னாங்க.

நான் யோசிச்சுப் பாத்தன். எனக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணி ஆறு மாசந்தான் ஆச்சு. தலை வளர வளரச் சுழியும் மாறிக்குமாட்ட இருக்குது. இல்லீங்களா? உங்களுக்குத்தான் புள்ளைங்க இருக்குமே, சொல்லுங்க, மாறாதா? சும்மா தலைய ஆட்டாதீங்க. வாயத் தொறந்து சொல்லுங்க.

போட்டோவா? ஆமா, காட்டறன்னு சொன்னன்ல. இந்தாங்க. இதுதான் நாச்சிமுத்து. மடியில மொட்டைத் தலையோட, வாயெல்லாம் பல்லா இருக்கறாளே...

அம்மிணி. அம்மிணி! என்ன பண்றீங்க? போட்டோவை இப்படி மூஞ்சியில வெச்சு அழுத்தாதீங்க, ஈரம் பட்டா சாயம் போயிரும். லோஜியா? உங்களுக்கெப்படி அவளை லோஜின்னு... மெதுவா. மெதுவாச் சொல்லுங்க, எனக்குப் புரியல.

நீங்க பெத்ததா?

இல்லீங்க, இருக்காது. உங்களுக்கு ஆளு மாறிப் போச்சு. அவளைப் பெத்தவ மண்ணுசரிவுல... குவைத்துக்கா? ஊட்டு வேலைக்கு ஆறு வருசமா? மாசா மாசம் மிஸ்ஸுக்குப் போன் பண்ணுவீங்களா? அப்பப் பெரியவளைத்தான் பேச விடுவாங்களா? சின்னவ தூங்கறா, சின்னவ வெளையாடறான்னு... மூணு நாளா வளைவுலயா நிக்கறீங்க? அந்தப் பையில இருக்கறது அவளுக்கு வாங்கின கவுனா? ஐயோ முருகா.

சரி, நீங்க மிஸ்கிட்டக் கேக்க வேண்டியதுதானே? கேட்டீங்களா? என்ன சொன்னாங்க?

மாமன் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு, வெளிநாட்டுல ஒரு குடும்பத்துக்கு அனுப்பியாச்சு, எல்லாம் மொறைப்படி நடந்துச்சுன்னா?

உங்களுக்கு அண்ணன் தம்பி...

ஒருத்தருமே இல்லீங்களா. ஒத்தைப் பொறப்பா நீங்க.

தண்ணி குடுங்க. அந்தப் பாட்டிலைக் குடுங்க. நாங்க தெரியாமப் போட்டமுங்க. சத்தியமா நோம்பிக்கு வர்றான்னுதான் போட்டன். பாவாடை தெச்சு வெச்சிருக்கறன், வந்து பாருங்க, இன்னும் பீரோவுல இருக்குது. அவளைக் கொண்டுபோய்க் குடுக்கறதுக்கா நான் போடுவன்? என்ற கொழந்தைங்க அது! இல்ல, உங்க கொழந்தைதான். உங்க கொழந்தைதான், நான் இல்லைங்கல.

என்ற கால விடுங்க. விடுங்க அம்மிணி, எந்திரிங்க. வண்டிய எங்க திருப்பச் சொல்றீங்க? போலீசுக்கா? நான் வந்து என்ன சொல்ல? இது அந்தப் புள்ளையில்லன்னு சொல்லோணுமா? அவன் நெசமான மாமனில்லன்னு சொல்லோணுமா? நீங்க சொன்னா எவனும் கேக்க மாட்டான், நான் சொன்னாத்தான் கேப்பாங்கன்னா... எனக்குப் புரியுதுங்க. பெரியவளும் அதுக்குத்தான் சீப்பைக் குடுத்தாளா. அதுக்குத்தானா அவ என்ற கண்ணைப் பாத்துட்டே இருந்தா.

ஆனா நீங்களும் யோசிக்கோணும். நாச்சிமுத்து கமிட்டித் தலைவருங்க. அடுத்த மாசம் கும்பாபிசேகம். கொட்டை எழுத்துல தாய்மாமன்னு எழுதியிருக்கறான், பொய்க் கையெழுத்துன்னு அவனைத்தானே புடிப்பாங்க? என்னையுந்தானே? அவியளுக்கு நெஞ்சுல ஆபரேசன் பண்ணியிருக்குது, கேட்டா தாங்குவாங்களா? எனக்கு இன்னைக்கு ராத்திரி பிளேனு. நான் ஊருக்குப் போய்ப் பொறுமையா மிஸ்ஸுக்குப் போன் பண்ணிக் கேக்கறன். கட்டாயம் கேக்கறன். எந்த நாடு, யாருகிட்டன்னு நைசாக் கேட்டு உங்களுக்குச் சொல்றன். நல்ல எடத்துலதான் இருப்பா. நல்லா வசதியா இருப்பா.

அப்படிப் பாக்காதீங்க. பெரியவ பாத்த மாதிரியே பாக்கறீங்க.

தம்பி. தம்பி! டவுன் வந்துருச்சா? நில்லு. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட நில்லு. இவங்க எறங்கறாங்க.

எறங்குங்க அம்மிணி. மழை விட்டுருச்சு. பையை மறந்துறாதீங்க. அந்தத் துண்டையும் எடுத்துக்குங்க. இல்லீங்க, போட்டோவைத் திருப்பித் தர வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க. எங்கூட்டுல இன்னொண்ணு இருக்குது. பெருசா பிரேம் போட்டு மாட்டியிருக்கறன்.

கதவைச் சாத்துங்க. போ தம்பி, போ.